உயிரின அரங்கை மூடும் முன்: அறிவியல் மைய நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

அறிவியல் மையத்தின் நிர்வாகக் குழுவினருக்கு,

உயிரின அரங்கின் கதவில் சென்ற மாதம் ஒட்டப்பட்ட அறிவிப்பில் "புதுப்பிப்புப் பணிக்காகத் தற்காலிகமாக மூடப்படுகிறது" என்று இருந்தது. அதே வாரம் தன்னார்வலர்களான எங்களுக்கு வந்த சுற்றறிக்கையில் 'தற்காலிகமாக' என்ற சொல்லைக் காணவில்லை. உயிருள்ள காட்சிகள் அனைத்தும் விலக்கிக்கொள்ளப்படும், தொட்டுப் பார்க்கும் மேசைகளும் இழுப்பறைகளும் அகற்றப்படும், அவ்விடத்தில் தொடுதிரைகளும் மெய்நிகர்க் காட்சிக்கூடமும் அமையும், இதுவரை ஆற்றிய சேவைக்கு நன்றி என்று அது முடிந்துவிட்டது. பொதுமக்களுக்கு ஒரு விதமாகவும் எங்களுக்கு வேறு விதமாகவும் சொல்லப்பட்டிருப்பதால்தான், இதை உங்கள் மேசைக்கு மட்டும் அனுப்பாமல் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

அந்த அரங்கில் 11 ஆண்டுகள் ஞாயிற்றுக்கிழமைதோறும் நின்றவள் நான். விலங்கியல் படித்தவள் இல்லை. தொட்டி கழுவியிருக்கிறேன், இலை பறித்துவந்து போட்டிருக்கிறேன், ஒரே கேள்விக்கு ஒரே நாளில் அறுபது முறை விடை சொல்லியிருக்கிறேன். ஆகவே நான் எடுத்துவைக்கும் சான்றுகளில் பெரும்பாலானவை அந்த அறைக்குள் என் கண்ணெதிரே நடந்தவை. உங்கள் குழுவில் எத்தனை பேர் அந்த அறையில் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையைக் கழித்திருக்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியாது. கழித்திருந்தால் சுற்றறிக்கை வேறு மாதிரி எழுதப்பட்டிருக்கும் என்று நினைக்கிறேன்.

நுழைந்ததும் இடப்புறம் இருந்த குச்சிப்பூச்சித் தொட்டியிலிருந்து தொடங்குகிறேன். வருகிற பிள்ளைகளில் பாதிப்பேர் அதை ஒரு நொடி பார்த்துவிட்டு, "மிஸ், இதுல ஒண்ணுமே இல்ல" என்று சொல்லி நகர்வார்கள். நான் எப்போதும் சொல்லும் பதில் ஒன்றுதான்: "பதினாலு இருக்கு, எண்ணிட்டுச் சொல்லு." ஒருமுறை ஒன்பது வயது மதிக்கத்தக்க ஒரு சிறுவன் அதை ஒரு சவாலாகவே எடுத்துக்கொண்டான். மூக்கைக் கண்ணாடியில் வைத்து அழுத்தியதில் அவன் மூச்சு படிந்து கண்ணாடி மங்கியது. துடைத்துவிட்டு மறுபடி பார்த்தான். நெடுநேரம் ஒன்றும் இல்லை. பிறகு ஒரு காம்பு, காற்றே இல்லாத தொட்டிக்குள், காற்றில் ஆடுவதுபோல் லேசாக ஆடியது. அவ்வளவுதான், ஒன்று பிடிபட்டதும் அடுத்தடுத்து எல்லாம் தெரியத் தொடங்கின. பதினைந்து என்று வந்து நின்றான். பதினான்கு என்றேன். இருவரும் சேர்ந்து எண்ணினோம், பதினைந்து. அன்று காலை எண்ணியதில் நான்தான் ஒன்றைத் தவறவிட்டிருந்தேன்.

அதோடு அவன் போகவில்லை. தொட்டியின் அடியில் கிடந்த பழுப்பு மணிகளைக் காட்டி, "இந்த விதை எதுக்கு?" என்றான். அவை விதைகள் இல்லை, முட்டைகள். அவனைப் போலவே எறும்புகளும் ஏமாறுகின்றன: சில குச்சிப்பூச்சி இனங்களின் முட்டை மூடிமேல், சில விதைகளில் உள்ள கொழுப்புக் குமிழ்போல ஒரு சிறு குமிழ் இருக்கும், அதற்காக எறும்புகள் முட்டையைப் புற்றுக்குள் இழுத்துச் செல்லும், முட்டையும் மண்ணுக்குள் பத்திரமாகப் போய்ச் சேரும். தொட்டியில் இருந்தவை எல்லாமே பெண்கள் என்றும், ஆண் இல்லாமலேயே முட்டையிட்டு அதிலிருந்து மறுபடி பெண்களே பிறக்கும் என்றும் சொன்னபோது அவன் என்னை நம்பவில்லை. நம்பாதது சரி என்றே சொன்னேன். உலகெங்கும் பள்ளி ஆய்வகங்களில் தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்படும் இந்த இனத்தின் மூதாதைகள் பெரும்பாலும் பழனி மலையில் செண்பகனூரிலிருந்து எடுத்துச் செல்லப்பட்டவை என்பதைப் பிறகுதான் சொன்னேன். அதையும் அவன் நம்பினானா என்று தெரியவில்லை.

புதிய அரங்குக்கான மாதிரித் திரை ஒன்றைப் போன மாதம் எங்களுக்கும் இயக்கிக் காட்டினார்கள். அதிலும் குச்சிப்பூச்சி இருக்கிறது. படத்தைத் தொட்டால், பூச்சி ஒளிந்திருக்கும் இடத்தைச் சுற்றி ஒரு மஞ்சள் வட்டம் மினுக்குகிறது; வட்டத்தைத் தொட்டால் ஒரு பாராட்டு ஒலி எழுகிறது. நான்கு நொடிகளில் எல்லாம் முடிந்துவிடுகிறது. என் எதிர்ப்பு முழுவதும் இந்த நான்கு நொடிகளில்தான் இருக்கிறது. திரையில் உள்ள விலங்கு தொட்டவுடன் வந்தாக வேண்டும். வராவிட்டால் இயந்திரம் பழுது என்று பொருள். உயிருள்ள விலங்குக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. அது தூங்கும், முதுகைக் காட்டும், இலைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்ளும், நாம் வந்திருக்கிறோம் என்பதையே பொருட்படுத்தாது. தன் விருப்பத்துக்கு இணங்காத ஒன்றின் முன்னால் நின்று, காத்திருந்து, கூர்ந்து பார்த்து, தான் பார்த்தது சரிதானா என்று சந்தேகப்பட்டு, மறுபடி எண்ணுகிற வேலைக்குத்தான் அறிவியல் என்று பெயர். அந்த வேலையைச் செய்யவிடாத ஒன்றை அறிவியல் மையத்தில் ஏன் வைக்க வேண்டும் என்பது எனக்கு விளங்கவில்லை.

உயிருள்ள காட்சிகளால் "பார்வையாளர்களுக்கு ஏமாற்றம்" ஏற்படுவதாகவும், விலங்குகள் பல நேரம் தென்படுவதில்லை என்று புகார் வருவதாகவும் சுற்றறிக்கை சொல்கிறது. புகார் வருவது உண்மை, என்னிடமும் வந்திருக்கிறது. ஆனால் அதற்கு நேர்மாறாக நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். எங்களிடம் இருக்கும் பாம்பு, அச்சம் வந்தால் பந்துபோல் சுருண்டு தலையை நடுவில் ஒளித்துக்கொள்ளும் ஆப்பிரிக்கச் சிறு மலைப்பாம்பு, நஞ்சு கிடையாது. தோலுரிக்கும் காலத்தில் அதன் நிறம் மங்கும், கண்கள் பாலூற்றியதுபோல் வெளுக்கும். பாம்புக்கு இமை இல்லை. கண்ணை மூடியிருக்கும் ஒளிபுகும் செதிலும் தோலோடு சேர்ந்தே கழன்று வரும். அந்த நாட்களில் அதற்குப் பார்வை மங்கும், அதனால் எளிதில் மிரளும். "இன்று தொட வேண்டாம்" என்று அட்டை எழுதி மேசையில் வைத்துவிடுவோம். பாம்பைக் கையில் எடுத்துக் காட்டிய நாட்களில் கேட்கப்பட்டதைவிட அதிகமான கேள்விகள் அந்த அட்டை இருந்த நாட்களில் கேட்கப்பட்டன. ஏன் தொடக் கூடாது, கண்ணுக்கு என்ன ஆயிற்று, வலிக்குமா, பழைய தோல் எங்கே போகும், நமக்கும் தோல் உரியுமா. ஒரு சிறுமி அடுத்த ஞாயிறும் வந்து, உரிந்த தோலை இழுப்பறையில் பார்த்து, கண் இருந்த இடத்தில் இருந்த இரண்டு சிறு வட்டங்களைத் தானே கண்டுபிடித்தாள். அவளை ஒரு வாரம் காக்கவைத்தது அந்தப் பாம்புதான். திரையால் அது முடிந்திருக்காது.

அதே பாம்பு மேசையில் நடந்த இன்னொன்று. பேரப்பிள்ளைகள் இருவரோடு வரும் ஓர் அம்மாள் கதவோடு நின்றுவிடுவார். "நான் வரலப்பா, நீங்க பாத்துட்டு வாங்க" என்பார். இரண்டாம் முறை வந்தபோது மேசைக்கு ஐந்தடி தள்ளி நின்றார். மூன்றாம் முறை, பிள்ளைகள் தொடுவதைப் பார்த்துவிட்டு, ஆள்காட்டி விரலின் புறத்தால் அதன் உடலை ஒருகணம் தொட்டு எடுத்தார். "ஈரமா, வழவழன்னு இருக்கும்னு நினைச்சேன். காஞ்ச துணி மாதிரியில்ல இருக்கு" என்றார். பிறகு தாழ்ந்த குரலில், "நான் தொட்டது இதுக்குத் தெரியுமாம்மா?" என்று கேட்டார். தெரியும் என்றேன். அவர் நின்ற பக்கமே அது நாக்கை நீட்டி நீட்டி இழுத்துக்கொண்டிருந்தது. காற்றிலுள்ள மணத்துகள்களை நாக்கால் எடுத்து அண்ணத்தில் உள்ள உறுப்பில் வைத்து அது மோப்பம் பிடிக்கிறது என்பதைச் சொன்னபோது, "அப்போ என்னையும் மோந்து பாத்திருக்கு" என்று சிரித்தார். வாழ்நாள் முழுவதும் சுமந்த ஓர் அச்சம் கொஞ்சம் இடம் மாறியதை அன்று பார்த்தேன்.

இது என் தனி அனுபவம் என்று ஒதுக்கிவிட வேண்டாம். பாம்பென்றால் நடுங்குபவர்களை வைத்து உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூராவும் அவருடைய சக ஆய்வாளர்களும் செய்து 1969இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஒரு குழுவுக்குப் பாம்பைக் கையாளும் காட்சிகளைப் படமாகக் காட்டினார்கள். இன்னொரு குழுவை உடலைத் தளர்த்தி மனத்தில் பாம்பைக் கற்பனை செய்யப் பழக்கினார்கள். மூன்றாவது குழுவினர் முன்பாக ஒருவர் உயிருள்ள பாம்பை எடுத்துக் காட்டி, பிறகு அவர்களையும் கூடவே இருந்து படிப்படியாகத் தொடவைத்தார். படம் பார்த்தவர்களுக்கும் கற்பனை செய்தவர்களுக்கும் ஓரளவு பயன் இருந்தது. ஆனால் மூன்றாம் குழு மற்ற எல்லாரையும் தெளிவாக விஞ்சியது. படத்தையும் உயிருள்ள பாம்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளந்து பார்த்த ஆய்வு இது; நீங்கள் இப்போது எடுத்திருக்கும் முடிவுக்கு எதிராக இதைவிட நேரான சான்று வேறு தேட வேண்டியதில்லை. (தொடுவதற்கு அனுமதித்த ஒவ்வொரு முறையும், வெளியில் எந்தப் பாம்பைக் கண்டாலும் விலகித்தான் நிற்க வேண்டும் என்பதையும் தவறாமல் சொன்னோம். அந்தச் சொல்லும் பாம்பின் பக்கத்தில் நின்று கேட்கும்போதுதான் காதில் ஏறுகிறது.)

தொட்டுப் பார்க்கும் மேசைகளையும் இழுப்பறைகளையும் ஏன் அகற்றுகிறீர்கள் என்பதுதான் எனக்குச் சற்றும் புரியாத பகுதி. அவற்றில் நோய் இல்லை, தீனிச் செலவு இல்லை, வதை இல்லை. மூன்றாம் இழுப்பறையில் ஒரு மான் மண்டையோடு இருக்கிறது. அதை எடுத்துப் பார்க்கும் பிள்ளைகளில் யாராவது ஒருவர், நாங்கள் எதுவும் சொல்லாமலேயே, "மேல முன்பல்லைக் காணோமே, உடைஞ்சிருச்சா?" என்று கேட்டுவிடுவார்கள். உடையவில்லை, மானுக்கும் மாட்டுக்கும் ஆட்டுக்கும் மேல்தாடையில் வெட்டுப்பற்களே கிடையாது, அங்கே தடித்த ஈறுதான் இருக்கும். தினமும் ஆட்டைப் பார்த்து வளர்ந்த பெரியவர்கள்கூட இதைக் கேட்டு வாயடைத்துப் போனதுண்டு. ஆந்தை கக்கிய உருண்டையை இடுக்கியால் பிரித்து, உள்ளிருந்து எலியின் தாடையெலும்பை எடுத்து, பற்களை எண்ணுகிற மேசையில் இடம் பிடிக்கப் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள்.

குளத்து நீர் மேசையும் அப்படியே. ஒரு சொட்டு நீரை உருப்பெருக்கியின் கீழ் வைத்தால், டாஃப்னியா என்னும் நீர்த்தெள்ளு தெரியும். அதிகம் போனால் சில மில்லிமீட்டர் நீளம். உடல் கண்ணாடிபோல் இருப்பதால் உள்ளே துடிக்கும் இதயம் வெளியிலிருந்தே தெரியும். பிள்ளைகள் எண்ண முயல்வார்கள், தோற்பார்கள், ஏனென்றால் அத்தனை வேகமாகத் துடிக்கும். நீரைக் குளிர்வித்தால் துடிப்பு குறைகிறது என்பதைத் தாமே கண்டு சொன்னவர்கள் உண்டு. அந்த மேசைக்கு ஆன செலவு ஒரு கண்ணாடிச் சீசா குளத்து நீர்.

மண்புழுப் பெட்டியை நான் தனியே குறிப்பிட வேண்டும். மணலும் கருமண்ணும் அடுக்கடுக்காக இட்ட கண்ணாடிப் பெட்டி. கறுப்புத் துணி மூடியிருக்கும். சில வாரங்களில் அடுக்குகள் கலைந்து ஒன்றாகிவிடும். சார்லஸ் டார்வின் மண்புழுக்களைத் தம் வீட்டில் மண்தொட்டிகளில் வைத்து வளர்த்து, விசில் ஊதியும், பசூன் என்னும் குழலை வாசிக்கவைத்தும் பார்த்தார், புழுக்கள் அசையவில்லை. அதே தொட்டியைப் பியானோவின் மேல் வைத்துச் சுரத்தை அழுத்தியதும் அவை வளைக்குள் ஓடின. ஒலி அவற்றுக்குக் கேட்பதில்லை, அதிர்வு தெரிகிறது. 1881இல் அவர் வெளியிட்ட மண்புழுக்கள் பற்றிய நூலில் இது இருக்கிறது. எங்கள் மேசையில் பிள்ளைகள் இதைச் செய்தே பார்த்தார்கள்: கத்துவார்கள், ஒன்றும் ஆகாது, மேசையை விரலால் தட்டுவார்கள், மேலே தலை நீட்டியிருந்த புழு சட்டென்று உள்ளே போய்விடும். டார்வின் பெயரைக் கேள்விப்படும் முன்பே டார்வின் செய்த சோதனையைச் செய்துவிட்ட பிள்ளைகளை அந்த அரங்கு உருவாக்கியது. இந்தப் பெட்டியும் அகற்றப்படும் பட்டியலில் இருக்கிறது.

"காலத்துக்கு ஏற்ற மாற்றம்" என்ற சொல் சுற்றறிக்கையில் இருமுறை வருகிறது. உயிருள்ள காட்சிகள் பழைய பாணி என்ற எண்ணம் அதற்குள் இருக்கிறது. தொட்டுச் செய்து பார்க்கும் காட்சிக்கூடங்களுக்கு உலகெங்கும் முன்மாதிரியாகச் சொல்லப்படுவது, இயற்பியலாளர் ஃபிராங்க் ஓப்பன்ஹைமர் 1969இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய எக்ஸ்ப்ளோரட்டோரியம். அங்கே காட்சிக்கான உயிரினங்களை வளர்ப்பதற்கென்றே ஓர் உயிரியல் ஆய்வகம் இயங்குகிறது. சிகாகோ அறிவியல் தொழில்துறை அருங்காட்சியகத்தில் முட்டையிலிருந்து கோழிக்குஞ்சு வெளிவருவதைக் காட்டும் பெட்டி 1956 முதல் இருந்துவருகிறது. 21 நாள் அடைகாப்பின் இறுதியில் குஞ்சு ஓட்டைக் கொத்தத் தொடங்கி முழுதாக வெளிவர மணிக்கணக்காகும். மக்கள் வேறு அரங்குகளுக்குப் போய்விட்டு மறுபடி வந்து நிற்கிறார்கள். வேகமான காட்சிகளால் நிரம்பிய ஒரு கட்டடத்தில் மிக மெதுவான அந்தப் பெட்டி தலைமுறைகளைத் தாண்டி நிற்கிறது.

திரைகள் பிள்ளைகளுக்குப் புதிதும் அல்ல. கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் பிரிட்டனில் பள்ளிப் பிள்ளைகளிடம் படங்களைக் காட்டிக் கேட்டு 2002இல் வெளியிட்ட ஆய்வில், 8 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் தம் நாட்டு மரங்களையும் விலங்குகளையும்விட போக்கிமான் என்னும் விளையாட்டின் கற்பனை உருவங்களையே அதிகம் பெயர் சொல்லி அடையாளம் கண்டார்கள். கைபேசி எல்லோர் கையிலும் வருவதற்கு முந்தைய நிலை அது. வீட்டில் இருப்பதையே பெரிதாக்கிக் காட்டுவதற்கு நுழைவுச் சீட்டு எதற்கு? போகிற போக்கில் இன்னொன்று: விண்வெளி அரங்கில் உள்ள திரைகளில் மூன்றின் மேல் "தற்காலிகமாக இயங்கவில்லை" என்ற அட்டை போன ஆண்டிலிருந்து தொங்குகிறது.

நீங்கள் சொல்லியிருக்கும் காரணங்களில் இரண்டை நான் மதிக்கிறேன். அவற்றை மறைத்து எழுதினால் இந்த மடல் நேர்மையற்றதாகும்.

முதலாவது தொற்று. ஆமை, பல்லி, பாம்பு ஆகியவற்றின் உடலில் சால்மோனெல்லா கிருமி அவற்றுக்கு எந்தத் தீங்கும் செய்யாமல் இருக்கக்கூடும். மனிதருக்கு, அதிலும் குழந்தைகளுக்கு, அது ஆபத்து. நான்கு அங்குலத்துக்குக் குறைந்த ஓடுள்ள ஆமைகளை விற்க அமெரிக்கா 1975இல் தடை விதித்தது இதனால்தான். பிள்ளைகள் அவற்றை வாயில் வைத்துக்கொண்டார்கள். ஐந்து வயதுக்கு உட்பட்டவர்கள் ஊர்வனவற்றைத் தொடக் கூடாது என்பதை நாங்கள் கண்டிப்பாகவே கடைப்பிடித்தோம். தொட்ட பிறகு சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 20 நொடிகளாவது கை கழுவ வேண்டும். அந்த அரங்கின் வெளிவாயிலில் இருக்கும் ஒரே வாஷ்பேசினின் குழாய் உடைந்து 14 மாதங்கள் ஆகின்றன. பதிவேட்டில் ஆறுமுறை எழுதினோம். ஒரு குழாயை மாற்றாமல் விட்டுவிட்டு, பிறகு தூய்மையைக் காரணம் காட்டி அரங்கையே மூடுவதை நான் எப்படி ஏற்றுக்கொள்வது?

இரண்டாவது விலங்குகளின் நலன். இதில் என் மேலும் குற்றம் உண்டு. முயல்களை நாள் முழுவதும் கைமாற்றிக் கைமாற்றிக் கொடுத்தது தவறு. முயல் அசையாமல் இருந்தால் சுகமாக இருக்கிறது என்று நினைத்தோம். இரையாகும் விலங்கு அச்சத்தில் உறைந்து போவதும் அப்படித்தான் தெரியும் என்பதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் வருகை தந்த ஒரு கால்நடை மருத்துவர். முயல்களை அரங்கிலிருந்து எடுத்துவிடுவதை நான் வரவேற்கிறேன். அதை ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே செய்திருக்க வேண்டும். ஆனால் நலன் என்பது அகற்றும்போது மட்டும் நினைவுக்கு வருகிற ஒன்றாக இருக்கக் கூடாது. போன குளிர்காலத்தில் பாம்புத் தொட்டியின் வெப்ப விளக்கு எரிந்துபோனது. பாம்பின் உடல் தன் வெப்பத்தைத் தானே உண்டாக்காது. தொட்டியின் ஒரு முனை சூடாகவும் மறுமுனை குளிர்ச்சியாகவும் இருந்தால்தான் அது நகர்ந்து நகர்ந்து தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளும், தின்றதைச் செரிக்கும். புதிய விளக்குக்குக் கொள்முதல் ஒப்புதல் வர ஒன்பது நாட்கள் ஆயின. அதற்குள் அது தின்றிருந்த எலியைச் செரிக்க முடியாமல் கக்கிவிட்டது. இறுதியில் பராமரிப்பாளர் தம் கைக்காசில் விளக்கு வாங்கி மாட்டினார். பண்ணை விலங்குகளின் நலன் குறித்து 1965இல் பிரிட்டனில் வெளிவந்த பிராம்பெல் குழு அறிக்கையை அடியொற்றி, பசி, தாகம், வலி, அச்சம், வசதிக்குறைவு ஆகியவற்றிலிருந்து விடுதலையும் இயல்பாக நடந்துகொள்ளும் உரிமையும் விலங்குக்கு வேண்டும் என்று வகுத்துச் சொன்னார்கள். அந்த அளவுகோலை வைத்து எங்கள் அரங்கைச் சோதியுங்கள். தேறாத விலங்கை வெளியே எடுங்கள். புழுவும் பூச்சியும் தேனீயும் அந்தச் சோதனையில் தேறும் என்றே நம்புகிறேன். எல்லாவற்றையும் ஒரே கையெழுத்தில் அகற்றுவதைச் சோதனை என்று சொல்ல முடியாது.

செலவைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு உரிமையில்லை. கணக்கு உங்களிடம் இருக்கிறது, எங்களுக்குக் காட்டப்படவில்லை. குச்சிப்பூச்சிக்கு இலையும் மண்புழுவுக்கு காய்கறித் தோலும் போதும் என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

உங்களிடம் நான் கேட்பவை இவை.

அரங்கை மூடும் முடிவை நிறுத்திவைத்து, அதற்கு அடிப்படையாகக் கொண்ட பார்வையாளர் புகார்கள், சுகாதார ஆய்வு, செலவுக் கணக்கு ஆகியவற்றை வெளியிடுங்கள். பராமரிப்பாளர், வெளியிலிருந்து ஒரு கால்நடை மருத்துவர், பிள்ளைகளை அழைத்துவரும் ஆசிரியர்கள் ஆகியோரை உட்காரவைத்துப் பேசிய பிறகு முடிவெடுங்கள். அந்தப் பேச்சின் முடிவு எதுவாக இருந்தாலும், குச்சிப்பூச்சித் தொட்டி, மண்புழுப் பெட்டி, குளத்து நீர் மேசை, இழுப்பறைகள் ஆகிய நான்கும் இருந்த இடத்தில் இருக்க வேண்டும். கண்ணாடித் தேன்கூட்டையும் இதில் சேர்க்கிறேன். விலங்கியலாளர் காரல் வான் ஃபிரிஷ் கண்ணாடிச் சுவர் வைத்த கூட்டைப் பார்த்துப் பார்த்துத்தான் தேனீக்களின் நடனம் பூ இருக்கும் திசையையும் தொலைவையும் சொல்கிறது என்பதைக் கண்டறிந்தார். 1973இல் அதற்காக நோபல் பரிசில் பங்கு பெற்றார். அந்த நடனத்தை எங்கள் கூட்டிலும் எவரும் நின்று பார்க்கலாம். தேனீக்கள் குழாய் வழியாக வெளியே போய் வந்துகொண்டிருக்கும் அந்தக் கூட்டை, தேன் தேடும் பருவத்தின் நடுவில் எடுத்தால் வெளியே போனவை திரும்ப இடமிருக்காது.

கை கழுவும் குழாயை இந்த வாரம் மாற்றுங்கள். இதற்குக் குழு கூட வேண்டியதில்லை.

அகற்றியே தீர வேண்டிய விலங்குகள் ஒவ்வொன்றும் எங்கே, யாரிடம் போகிறது என்பதை எழுத்தில் தாருங்கள். அயல்நாட்டு இனமான சிவப்புக் காது ஆமைகள் இரண்டும், வளர்த்தவர்கள் பெரிதானதும் எங்கள் வாசலில் விட்டுச் சென்றவை. அவற்றை அருகில் உள்ள குளத்தில் விட்டுவிடலாம் என்று ஓர் அலுவலர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். உலகின் மிக மோசமான 100 அயல் ஊடுருவல் இனங்களின் பட்டியலில் இந்த ஆமை இருக்கிறது. குளத்தில் விட்டால் அங்கிருக்கும் ஆமைகளின் இடத்தையும் இரையையும் பறிக்கும். அந்த யோசனை உங்கள் குழுவுடையது இல்லை என்பதை வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

பராமரிப்பாளரின் பணி அரங்கோடு சேர்ந்து முடிந்துவிடும் என்று அவருக்கு வாய்மொழியாகச் சொல்லப்பட்டிருக்கிறது. கைக்காசில் விளக்கு மாட்டியவர் அவர். அவருக்கு எழுத்தில் ஒரு விடை கொடுங்கள்.

இறுதியாக ஒன்று, அவசரமானது. சுற்றறிக்கையின்படி வரும் வியாழக்கிழமை பாம்பை வேறிடத்துக்கு ஏற்றிச் செல்ல வண்டி வருகிறது. நேற்று மாலை நான் பார்த்தபோது அதன் கண்கள் வெளுத்திருந்தன, தோலுரிக்கும் பருவம். இப்போது அது சரியாகப் பார்க்காது, சிறு அசைவுக்கும் சுருண்டுகொள்ளும், அலைக்கழித்தால் தோல் துண்டு துண்டாகக் கிழிந்து கண்மேல் ஒட்டிக்கொள்ளவும் கூடும். வண்டியை இரண்டு வாரம் தள்ளிப்போடுங்கள். தொட்டியில் ஈரப்பாசி வைத்த பெட்டி ஒன்று இருக்கிறது. அதை எடுத்துவிட வேண்டாம் என்று துப்புரவுப் பணியாளர்களிடம் சொல்லிவையுங்கள்.

இப்படிக்கு,
உயிரின அரங்கின் தன்னார்வலர்களுள் ஒருத்தி